மணல் திட்டில் மாட்டுப் பண்ணையா? தெரியுமா உங்களுக்கு!

கடலோர மணல் திட்டில் மாட்டுப் பண்ணை நடத்த முடியுமா? நடத்துவதாகச் சொல்லி அரசின் கொரோனா நிவாரணக் கடனே வாங்கிவிட்டார்கள்! இடம், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம், லாங் பீச் டவுன்ஷிப். பண்ணையின் பெயர் 'பீஃபி கிங்'. பதிவில் இருந்த முகவரி யாருடையது தெரியுமா? அந்த ஊர் மேயரின் வீடு! மணல் திட்டில் ஏது பண்ணை என்று அவரே திகைத்துப் போனார்!

இன்னும் கேளுங்கள்! அதே கடற்கரையில் பிரியெல் என்ற ஊரில் 'டொமேட்டோ கிராம்பர்' என்றொரு போலிப் பண்ணை. அதற்கு 12,739 டாலர்! ஏரிகளே உறைந்து போகும் மின்னசோட்டாவில் ஆரஞ்சுத் தோப்பு! ஒரே ஒரு ஆன்லைன் நிறுவனம் வழியாக மட்டும் இப்படி 378 போலிக் கடன்கள், மொத்தம் 70 லட்சம் டாலர்! 2021 மே மாதம் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் இதைப் போட்டு உடைத்தது. கடன் என்றுதான் பெயர். விதிப்படி செலவழித்ததாகக் கணக்குக் காட்டினால் திருப்பிக் கட்டவே வேண்டாம்!

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கடன் வாங்கியவர்களின் பட்டியல் வெளியே வந்ததால்தான்! 2020 ஜூலையில் அரசு என்ன செய்தது தெரியுமா? 1.5 லட்சம் டாலருக்குக் குறைவாக வாங்கியவர்களின் பெயரை வெளியிடவே இல்லை! மொத்தக் கடன்களில் 86.5 சதவீதம் இந்த ரகம்! பத்திரிகைகள் வழக்குப் போட்டன. பெயர்களை வெளியிடும்படி நவம்பரில் நீதிபதி போஸ்பெர்க் தீர்ப்புச் சொன்னார். டிசம்பர் 1 அன்று அத்தனை பெயர்களும் வெளியே! அந்த வழக்கு மட்டும் இல்லையென்றால் மேயர் வீட்டு 'மாட்டுப் பண்ணை' யார் கண்ணில் பட்டிருக்கும்?

சரி, நிஜ விவசாயிகளுக்கு எவ்வளவு போனது? பள்ளிகளும் ஓட்டல்களும் மூடிக் கிடக்க, கறந்த பாலைத் தரையில் கொட்டிய காலம் அது. 2020 ஏப்ரலில் வேளாண் துறை அறிவித்த நேரடி நிவாரணம் 1,600 கோடி டாலர்! செப்டம்பரில் மேலும் 1,400 கோடி வரை! ஆளுக்கு உச்சவரம்பு 2.5 லட்சம் டாலர். ஈமு வளர்த்தவருக்கும் உண்டு, ஆட்டுப்பால் விற்றவருக்கும் உண்டு, ரோமத்துக்காக மிங்க் வளர்த்தவருக்கும் உண்டு!

இதில் கறுப்பின விவசாயிகளின் கைக்குப் போனது எத்தனை சதவீதம்? பத்தா? ஐந்தா? வெறும் 0.1! 2021இல் வேளாண் அமைச்சர் வில்சாக்கே சொன்ன கணக்கு இது! நெஞ்சு பதறவில்லையா?

கடன் பட்டியலைப் போலவே, விவசாய மானியம் வாங்கியவர் பெயரைக் கேட்கும் உரிமையும் சும்மா வந்துவிடவில்லை! பருத்தி மானியம் யார் யாருக்குப் போனது என்று வாஷிங்டன் போஸ்ட் நீதிமன்றம் ஏறியது. 1996இல் ஜெயித்தது! 2008 விவசாயச் சட்டம் பண்ணை நில விவரங்களுக்குத் திரை போட்டது. ஆனால் பணம் வாங்கியவர் பெயரும் தொகையும் அந்தத் திரைக்குள் வரவில்லை!

அந்தப் பதிவேடுகளைத் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்கி, 1995 முதலான மானியக் கணக்கை 'என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப்' என்ற அமைப்பு இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. கட்டணம் கிடையாது! ஊரின் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் போதும், அங்கே யார் எவ்வளவு வாங்கினார் என்று பெயரோடு வந்து நிற்கும்!