ஸ்பிரேயர் பேட்டரிக்கு ஒரு தனிப்பெட்டி

புகையான் விழுந்த நெல் வயலில் மருந்தடிக்கும்போது, பாதி டேங்கில் மோட்டார் நின்றுபோனால் அன்றைய வேலை கெட்டது. ‘பேட்டரி போச்சு’ என்று புதிதாக வாங்கிவிடுகிறார்கள். பல நேரம் கெட்டது பேட்டரி அல்ல. அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் கோளாறு.

பல ஸ்பிரேயர்களில் பேட்டரி இருப்பது டேங்குக்கு அடியில். மேலே கசியும் மருந்துத் தண்ணீர் நேராக அதன் முனைகளில் இறங்கி, வயரில் பச்சை பூக்கும். பொன்னேரி, பழவேற்காடு பக்கம் உப்புக்காற்று வேறு. அடிமூடியின் ஸ்குரூ துருப்பிடித்து, திறக்கவே வராது.

பேட்டரியை வெளியே எடுத்துத் தனிப்பெட்டியில் வைப்பதே நல்லது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இரும்புக்குப் பஞ்சமில்லை; ஆனாலும் இதற்குத் தகரம் வேண்டாம். துருப்பிடிக்கும், முனையில் பட்டால் ஷார்ட் ஆகும். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும், மூடியில் ரப்பர் பட்டை வைத்த பிளாஸ்டிக் ஜங்ஷன் பெட்டி போதும். 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பேட்டரி பெரும்பாலும் 15 செ.மீ. நீளம், 6.5 செ.மீ. அகலம், 9.5 செ.மீ. உயரம் இருக்கும். சுற்றிலும் அரை செ.மீ., மேலே 2 செ.மீ. இடம் விட்டால் போதும். ஆடாமலிருக்க ரப்பர் துண்டு செருகலாம்.

காற்றுப் புகாமல் அடைத்துவிடக் கூடாது. அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினால் ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறியில் பற்றும். அது மேலே ஏறும் வாயு என்பதால், மூடிக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் இரண்டு சிறு துளைகள் போட்டு, தண்ணீர் புகாதபடி கீழ்நோக்கி வளைந்த குழாய் வைக்க வேண்டும். தண்ணீர் வடிய அடியில் ஒரு துளை. சார்ஜ் போடும்போது மூடியைத் திறந்தே வைக்க வேண்டும்.

பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே, பைக்கில் போடும் 5 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். மாற்று ஃபியூஸ் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவைக்கலாம். வயரை ஈயம் வைத்து ஒட்டாமல், கழற்றி மாட்டும் கிளிப் போட்டு, மேலே வாசலின் தடவ வேண்டும். மூடிக்குப் பசை, ரிவெட் எதுவும் கூடாது; ஸ்குரூடிரைவர் இல்லாமல் கையாலேயே திறக்க வர வேண்டும். பேட்டரிக்கு அடியில் ஒரு நாடா போட்டு வைத்தால் இழுத்து எடுக்கலாம். பெட்டியை டேங்கின் வெளிப்பக்க அடியில் பெல்ட்டால் கட்டலாம். டேங்கில் துளை போடக் கூடாது.

பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அறுவடை முடிந்ததும் சார்ஜ் இறங்கிய நிலையில் மூலையில் போட்டால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரி செத்துவிடும். வேலை இல்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். லித்தியத்துக்கு மாறுபவர்கள் பழைய சார்ஜரைப் பயன்படுத்தக் கூடாது.

தீர்ந்த பேட்டரியை வாங்கிய கடையிலேயே கொடுக்கலாம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள், அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைத்திருக்கின்றன. வீட்டில் உடைத்து ஈயம் உருக்குவது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் விஷ வேலை.