படிப்போர் கைக்குறிப்பும் பழந்தத்துவச் சொற்களும்

எழுத்தாளர் ஒருவருடைய நூலின் கையெழுத்துப்படிக்கு மதிப்பு உண்டென்பதை எவரும் ஒப்புவர். ஆனால், அவர் பிறர் நூலைப் படிக்கும்போது எழுதிவைத்த குறிப்புக்கு மதிப்பு உண்டா? அத்தகைய தாள்களை ஏலத்தில் பெரும்பொருள் கொடுத்து வாங்குவோர் உளர். நம் இல்லங்களிலோ அவை பழந்தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போய்விடுகின்றன.

ஆங்கில நாவலாசிரியர் ஆஸ்கார் வைல்டு ஆக்சுபோர்டில் பயின்ற காலத்தில் (1874–1878) பிளேட்டோ, அரிஸ்டாட்டில் முதலியோரைப் படித்து எழுதிய குறிப்பேடுகள் இன்று லாஸ் ஏஞ்சலிசில் கிளார்க் நூலகத்தில் உள்ளன. 1989இல் அவை அச்சிலும் வந்தன. 1895இல் அவர் கடனாளியானபோது வீட்டுப் பொருள்கள் ஏலத்தில் சிதறியதை எண்ணினால், இவை தப்பியமை வியப்பே.

தமிழில் இதனோடு வைத்து எண்ணத்தக்கவர் நாவலாசிரியர் அல்லர், பதிப்பாசிரியர் உ.வே. சாமிநாதையர். மணிமேகலை ஏட்டை முதலில் கண்டபோது அது எச்சமய நூல் என்பதே அவருக்கு விளங்கவில்லை. சமண நூல் அன்று என்பதைச் சமணர் ஒருவர்வழி அறிந்தார். பௌத்தம் என்பதைத் தெளிவித்து, ஆங்கில நூல்களைப் படித்துத் தமிழில் விளக்கியவர் கும்பகோணம் கல்லூரியில் உடன்பணியாற்றிய மளூர் ரங்காசாரியார். இவ்வாறு கேட்டும் குறித்தும் பெற்ற அறிவே 1898ஆம் ஆண்டுப் பதிப்பாக வெளிவந்தது.

இங்கே ஒரு மொழியியல் சிக்கலை மாணவர் கருத வேண்டும். பௌத்தர் கூறும் பன்னிரு நிதானங்களைச் சாத்தனார் ‘சார்பு’ என்கிறார். அவித்தை அவரிடம் ‘பேதைமை’ ஆகிறது, நாமரூபம் ‘அருவுரு’, திருஷ்ணை ‘வேட்கை’, உபாதானம் ‘பற்று’. பரிசம் என்னும் தொடுவுணர்வுக்கு அவர் ஆளும் சொல் ‘ஊறு’. இன்று ‘ஊறு’ என்றால் நாம் தீங்கு என்றே கொள்வோம். இடையூறு என்பதும் அவ்வழக்கே. ‘நிதானம்’ என்பதோ நம் பேச்சில் அமைதிக்குரிய சொல்லாகிவிட்டது. பன்னிரண்டனுள் ‘பவம்’ வடசொல் வடிவிலேயே நிற்கிறது. வடமொழிச் சொல்லும் பாலிச் சொல்லும் தமிழ்ச்சொல்லும் எதிரெதிரே எழுதிப் பொருத்திப் பார்க்காமல் எவரும் இப்பகுதியைக் கடந்திருக்க முடியாது. அரும்பதவுரை அப்பொருத்தத்தின் முடிவை மட்டும் தரும். எச்சொல்லில் தயங்கினார், எதை அடித்தார், யாரிடம் கேட்டார் என்பன குறிப்பேட்டில்தான் கிடைக்கும். உ.வே.சா.வின் ஏடுகளும் கையெழுத்துக் குறிப்புகளும், 1943இல் அவர் பெயரால் தோன்றி இப்போது சென்னை பெசன்ட் நகரில் இயங்கும் நூல்நிலையத்தில் காக்கப்படுகின்றன.

குறிப்பின் காலத்தை எழுத்தே ஓரளவு காட்டும். ‘லை’, ‘ணை’ ஆகியவற்றைத் துதிக்கை வடிவில் எழுதியவர், 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற சீர்திருத்தத்துக்கு முன் கற்றவர் எனலாம். எனினும் பழகிய கை எளிதில் மாறுவதில்லை. பெரியாரின் ‘குடி அரசு’ புதிய வடிவங்களை 1935இலேயே கையாண்டது. ஆதலின் வரிவடிவத்தை மட்டும் கொண்டு ஆண்டு கூறுதல் தகாது. தாள், மை, சுட்டப்பட்ட பதிப்பு ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வடசொற்களுக்குக் கிரந்த எழுத்தை ஆண்டாரா, தவிர்த்தாரா என்பதும் நல்ல சான்று.

விற்பனையாளர் சிலர் கையொப்பம் உள்ள தாளைத் தனியே பிரித்து விற்பர். வாங்குவோருக்கு அது அழகிய பொருள், நமக்கோ பெருங்கேடு. பன்னிரு சார்பில் ஆறு ஒருவரிடமும் ஆறு மற்றொருவரிடமும் போய்விட்டால், எழுதியவர் எவ்வாறு சிந்தித்தார் என்பதை எவ்வாறு அறிவது?

நாம் கூடியிருக்கும் இக்கெலுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் உள்ளது. நாவலாசிரியர் ரெ. கார்த்திகேசு அங்கே பேராசிரியராக இருந்தார். பினாங்கில் எழுதியோரும் படித்தோரும் பலர். ஆசிரியர் இல்லங்களில் குறிப்பேடுகள் இல்லாமல் இரா. அவற்றுக்கு இங்குள்ள ஈரக் காற்றும் கரையானுமே முதற்பகை. குறிப்பேடு ஒன்று கிடைத்தால் தாள்களைப் பிரிக்க வேண்டா; வரிசையை மாற்ற வேண்டா; துருப்பிடித்த ஊசிகளை மட்டும் மெல்ல நீக்கலாம். இடையில் செருகிய துண்டுத்தாள் எப்பக்கத்தில் இருந்ததென்று எழுதிவைக்க வேண்டும். அவர் படித்த நூற்படி வீட்டில் இருப்பின் அதையும் உடன்வைத்தல் வேண்டும். குறிப்பில் காணும் பக்க எண்கள் அப்பதிப்புக்கு மட்டுமே பொருந்தும்.