தலைக்கு மேலே ஒரு தோரணம்... கிரேன் கேபிளை ஏன் தினமும் அண்ணாந்து பார்க்க வேண்டும்?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது கிளியனூர். விடிந்தும் விடியாத நேரத்தில் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கும் கம்பெனி வேனுக்கும் காத்து நிற்கும் இளைஞர்களை இந்தச் சாலையோர ஊர்களில் பார்க்கலாம். அப்பாவும் தாத்தாவும் வயலில் இறங்கினார்கள். கிழக்கே மரக்காணம் பக்கத்தில் உப்புப் பாத்தியில் இறங்கினார்கள். பிள்ளைகள் ஐ.டி.ஐ. படித்துவிட்டு சேதராப்பட்டு, ஒரகடம் என்று தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள்.

அந்த ஷெட்டுகளுக்குள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும் ஓவர்ஹெட் கிரேன். தொழிலாளர்கள் வாயில் அது ஈ.ஓ.டி. கிரேன். இரும்புத் தகடு, அச்சு, மோட்டார் என்று டன் கணக்கில் தூக்கிக்கொண்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகரும். கீழே நிற்கிறவர்களின் கண் கொக்கியைப் பார்க்கும், சங்கிலியைப் பார்க்கும், தொங்கும் சுமையைப் பார்க்கும். கிரேனின் ஓரத்தில் கல்யாணப் பந்தல் தோரணம்போல வளைந்து வளைந்து தொங்கும் கறுப்பு கேபிள்களை யாரும் பார்ப்பதில்லை.

ஆனால், கிரேனுக்கு மின்சாரமும் கட்டளையும் அந்தத் தோரணம் வழியாகத்தான் போகின்றன. சில கிரேன்களில் காற்றும் எண்ணெயும்கூட ஹோஸ் வழியாக அப்படித்தான் போகின்றன. அது கெட்டால் வேலை நிற்கும். அது கெட்டது தெரியாமல் போனால் உயிரே போகலாம்.

கவலை ஏற்றம் கற்றுத்தந்த பாடம்

நகர்கிற ஒன்றோடு குழாயையும் கயிறையும் சேர்த்து நகர்த்துவது நம் ஊருக்குப் புதிதல்ல. மின்மோட்டார் வருவதற்கு முன் கிணற்றில் மாடு கட்டி இறைத்த கவலை ஏற்றம் நினைவிருக்கிறதா? தெற்கே அதைக் கமலை என்பார்கள். தண்ணீர் மொள்ளும் சாலின் அடியில் வால்போல ஒரு தோல் குழாய் தொங்கும். சாலை இழுக்க ஒரு தடித்த வடம். அந்தத் தோல் குழாயின் நுனியை இழுக்க மெல்லிய வால்கயிறு. இரண்டையும் மாடுகள்தான் இழுக்கும்.

சால் மேலே வரும் வரை வால்கயிறு குழாயின் நுனியை மடக்கித் தூக்கிப் பிடித்திருக்கும். அதனால் தண்ணீர் சிந்தாது. சால் கிணற்று வாய்க்கு வந்ததும் குழாயின் நுனி தொட்டிப் பக்கம் இழுபட்டுத் தண்ணீர் தானாகக் கொட்டும். வால்கயிறு அளவு கூடினாலும் குறைந்தாலும் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும்.

கிரேன் கேபிளின் சூத்திரமும் இதுதான். நகர்கிற சுமையோடு கேபிளும் நகர வேண்டும். ஆனால், இழுவிசை அதன்மேல் விழக் கூடாது. இழுப்பதற்குத் தனியாக ஒரு கயிறு வேண்டும்.

தோரணம் எப்படி ஓடுகிறது?

பெரும்பாலான கிரேன்களில் இரண்டு விதமான ஓட்டம் உண்டு. ஷெட்டின் நீளத்துக்கு முழு கிரேனும் ஓடுவது லாங் டிராவல். கிரேனின் குறுக்கே ஹாயிஸ்ட் மட்டும் ஓடுவது கிராஸ் டிராவல். பல ஷெட்டுகளில் நீள ஓட்டத்துக்கு டி.எஸ்.எல். எனப்படும் மின்கடத்திப் பட்டைகள் சுவர் ஓரமாகப் போகும். குறுக்கு ஓட்டத்துக்குத்தான் தோரணக் கேபிள்.

பழைய முறையில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, வீட்டில் திரைச்சீலைக்கு வளையம் மாட்டுவதுபோலக் கேபிளை வளையங்களில் தொங்கவிட்டார்கள். கம்பி தொய்ந்தால் வளையம் சிக்கும். சிக்கிய இடத்தில் கேபிள் இழுபடும். இப்போது சி வடிவ இரும்புத் தண்டவாளத்துக்குள் சின்னச் சின்ன டிராலிகள் உருளுகின்றன. ஒவ்வொரு டிராலியின் கீழும் சேணம்போல வளைந்த ஒரு தாங்கி. அதில் கேபிள் படிந்து உட்கார்ந்து, அடுத்த டிராலி வரை ஒரு வளைவாகத் தொங்கும்.

இந்த வளைவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஹாயிஸ்ட் 20 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேபிள் விறைக்காமல் இருக்க பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 22 மீட்டர். ஒவ்வொரு வளைவும் ஒன்றரை மீட்டர் ஆழம் தொங்கலாம் என்றால், போக ஒன்றரை, வர ஒன்றரை என ஒரு வளைவுக்கு 3 மீட்டர் கேபிள். 22-ஐ 3-ஆல் வகுத்தால் ஏழே கால் சொச்சம். ஆக, 8 வளைவுகள், அவற்றுக்கு இடையே 7 டிராலிகள். வளைவின் ஆழத்தைக் கூட்டினால் டிராலி குறையும். ஆனால், தொங்கும் கேபிள் கீழே அடுக்கிய பொருளில் சிக்கிக்கொள்ளும். காசு மிச்சம் என்று இரண்டு டிராலியைக் குறைத்தவர்கள் பிறகு கேபிளே மாற்ற வேண்டி வருவது இதனால்தான்.

வேகமாக ஓடும் கிரேன்களில் டிராலிக்கும் டிராலிக்கும் நடுவே ஓர் இழுகயிறு கட்டுவார்கள். அதன் நீளம் கேபிளைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஹாயிஸ்ட் கடைசி வரை போகும்போது முதலில் விறைப்பது கயிறு; கேபிள் தளர்வாகவே இருக்கும். நம் தாத்தாவின் வால்கயிறுதான் இது, வேறு வேலைக்கு வந்திருக்கிறது.

வீட்டு ஒயர் ஏன் உதவாது?

"ஒயர்தானே, கடையில் கிடைப்பதை வாங்கிப் போட்டால் என்ன?" என்ற கேள்வி எல்லா ஊரிலும் எழும். சுவருக்குள் போகும் ஒயர் வாழ்நாள் முழுவதும் அசையாமல் கிடக்கும். கிரேன் கேபிள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை மடங்கி விரியும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் பட்டென்று முறியும் இல்லையா? அதனால்தான் கிரேன் கேபிளின் செம்பு தலைமுடிபோல மெல்லிய இழைகளாகப் பின்னப்படுகிறது. தோரணத்துக்குத் தட்டைக் கேபிள் விரும்பப்படுவதற்கும் காரணம் உண்டு. அது மெல்லிய பக்கமாக மடங்குவதால் எளிதில் வளையும். ஒன்றின் மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கவும் செய்யலாம்.

புதுக் கேபிளைப் பிரிப்பதிலேயே பாதித் தவறு நடந்துவிடுகிறது. உருளையைப் படுக்கவைத்துச் சுருள் சுருளாக உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு உள்ளே ஏறிவிடும். சில மாதத்தில் கேபிள் பாம்புபோல நெளியும். உருளையை அச்சில் மாட்டி உருட்டித்தான் பிரிக்க வேண்டும். நூல்கண்டு பிடித்துப் பழகிய கைகளுக்கு இது சொல்லாமலே புரியும்.

சங்கிலிக்குள் குடியிருப்பு

தோரணம் தொங்க இடமில்லாத இயந்திரங்களில் டிராக் செயின் வரும். கம்பளிப்பூச்சிபோல மடங்கி ஓடும் அந்தச் சங்கிலிப் பெட்டிக்குள் கேபிளும் ஹோஸும் பயணம் செய்யும். 1950-களில் ஜெர்மனியில் கில்பர்ட் வானிங்கர் இரும்பில் உருவாக்கிய யோசனை இது. இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் வருகிறது.

சங்கிலிக்குள் இடம் இருக்கிறதே என்று அடைத்துவிடக் கூடாது. கேபிளைச் சுற்றி அதன் விட்டத்தில் 10 சதவிகிதம், ஹைட்ராலிக் ஹோஸைச் சுற்றி 20 சதவிகிதம் இடைவெளி விட வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் பொது விதி. ஹோஸுக்கு ஏன் அதிகம்? உள்ளே அழுத்தம் ஏறும்போது ஹோஸின் நீளம் சற்றே கூடும் அல்லது குறையும். அந்த அசைவுக்கு இடம் வேண்டும். கேபிளையும் ஹோஸையும் ஒன்றோடொன்று உரச விடாமல் நடுவே தடுப்பும் போட வேண்டும். கனமானவை இரு ஓரங்களிலும், லேசானவை நடுவிலும் இருந்தால் சங்கிலி ஒரு பக்கம் சாயாது.

சத்தமில்லாமல் அறும் கம்பி

கிரேன் ஓட்டுபவர்களுக்குப் பழக்கமான தொல்லை ஒன்று உண்டு. ஹாயிஸ்ட் ஒரு பக்கம் இருந்தால் ஓடும். நடுவுக்கு வந்தால் நிற்கும். யாராவது கேபிளைத் தட்டினால் மறுபடி ஓடும். மேலுறை நன்றாக இருக்கும்போதே உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்பதற்கு அது அடையாளம். தட்டி ஓட்டுவது, அறுந்துகொண்டிருக்கும் கயிற்றில் ஊஞ்சல் ஆடுவதற்குச் சமம்.

அதைவிட ஆபத்தானது எர்த் கம்பி. மின்சாரக் கம்பி அறுந்தால் கிரேன் நின்றுவிடும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். எர்த் கம்பி அறுந்தால் எதுவும் நிற்காது. கிரேன் வழக்கம்போல ஓடும். என்றைக்கோ ஒரு நாள் மோட்டாரில் காப்பு கெட்டு மின்சாரம் இரும்பில் பாயும்போது, ஃபியூஸ் போக வேண்டிய நேரத்தில் போகாது. கொக்கியையோ சுமையையோ கையால் பிடித்திருப்பவர் வழியாக அது தரைக்கு இறங்கும். சக்கரமும் தண்டவாளமும் தொடுகிறதே, அது போதாதா என்றால், துருவும் கிரீஸும் படிந்த தொடர்பை நம்பக் கூடாது. எர்த் தொடர்ச்சியை மீட்டர் வைத்துச் சோதிப்பது ஒன்றே வழி.

கையில் பிடித்து ஓட்டும் பென்டன்ட் பெட்டிக்கும் இது பொருந்தும். அந்தப் பெட்டியின் எடையைத் தாங்குவதற்கென்றே கேபிளோடு ஒரு எஃகுக் கயிறு வரும். அது அறுந்தால் எடை முழுக்கச் செம்பு இழைகளில் ஏறும். நசுங்கிய கேபிளில் இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொண்டால், பொத்தானை விட்ட பிறகும் கிரேன் நகரலாம். அப்போது எமர்ஜென்சி பொத்தானைத் தட்ட வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். அந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

ஊசி முனை ஓட்டை

ஹைட்ராலிக் ஹோஸில் கசிவு என்றால் பலரும் கையால் தடவிப் பார்ப்பார்கள். ஒருபோதும் செய்யக் கூடாத காரியம் இது. உயர் அழுத்தத்தில் ஊசிமுனை ஓட்டை வழியாகப் பீறிடும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த அளவுதான் காயம் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். ஆனால், உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், 'அழுத்த எண்ணெய் உள்ளே போய்விட்டது' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும்; அதுவும் அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் ஹோஸில் கை வைக்க வேண்டும்.

உப்புக் காற்றின் கைவரிசை

மரக்காணம் கடலோரத்தில் சைக்கிள் வைத்திருப்பவரைக் கேட்டாலே உப்புக் காற்றின் குணம் தெரியும். காற்றில் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையும். உப்புப் பானையைத் திறந்து வைத்தால் கசிவது இதனால்தான். அதே உப்புத் தூள் கேபிள் முனையில் படிந்தால் இரவெல்லாம் அங்கே ஓர் ஈரப் படலம் நிற்கும். செம்பு பச்சைக் களிம்பு பூக்கும்; டிராலிச் சக்கரம் துருப்பிடித்து உருளாமல் இழுபடும்; தண்டவாளத்தின் துத்தநாகப் பூச்சு சீக்கிரம் கரையும்.

அதனால் கடலோரத் தொழிற்கூடங்களில் துருப்பிடிக்காத எஃகு டிராலியும், வெயிலையும் உப்பையும் தாங்கும் ரப்பர் உறையும் செலவல்ல, சிக்கனம். துறைமுகங்களில் இது இன்னும் கடுமையான சோதனை. சென்னைத் துறைமுகத்தில் 1983-ல் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. இன்றைய பெரிய கரையோரக் கிரேன்களில் டிராலி நிமிடத்துக்கு 200 மீட்டருக்கும் மேல் பாயும். அந்த வேகத்தில் கேபிளை இழுத்தால் அறுந்துவிடும் என்பதால், தோரண டிராலிகளுக்கே தனி மோட்டார் பொருத்துகிறார்கள்.

ஷிஃப்ட் தொடங்கும் முன் ஒரு நிமிடம்

தூக்கும் இயந்திரங்களை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியான நபர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவே சொல்லியிருந்தது. கிரேன் ஓடுபாதையில் ஆள் வேலை செய்யும்போது 6 மீட்டருக்குள் கிரேன் வரக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருந்தது. ஆண்டுச் சோதனை அதிகாரியின் வேலை. தினசரிப் பார்வை, அடியில் நிற்பவரின் உரிமை. அண்ணாந்து பார்த்தாலே தெரிபவை இவை:

• எல்லா வளைவும் ஒரே அளவாகத் தொங்குகிறதா? ஒன்று மட்டும் விறைத்திருந்தால் அந்த டிராலி சிக்கியிருக்கிறது.

• கேபிள் நெளிந்திருக்கிறதா? தாங்கியில் உட்காரும் இடத்தில் வெடிப்போ வெளுப்போ தெரிகிறதா?

• ஹோஸில் கொப்புளம், எண்ணெய் வியர்வை, தேய்ந்த மேலுறை உண்டா?

• இழுகயிறும் பென்டன்டின் எஃகுக் கயிறும் முழுதாக இருக்கின்றனவா?

• எமர்ஜென்சி பொத்தானை அழுத்தினால் கிரேன் நிற்கிறதா?

ஒன்றில் சந்தேகம் வந்தாலும் கிரேனை நிறுத்திச் சொல்லிவிட வேண்டும். சரிசெய்ய மேலே ஏறுகிறவர், மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். கீழே நிற்பவரின் ஞாபகசக்தியை நம்பி ஏறக் கூடாது.

கவலை ஓட்டியவர் காலையில் மாடு கட்டும் முன் வடத்தையும் வால்கயிற்றையும் கையால் உருவிப் பார்ப்பார். நைந்த இடம் விரலுக்குத் தெரியும். கிரேன் தோரணத்துக்குக் கை எட்டாது, கண் எட்டும். இன்று மாலை டிபன் பையோடு வீடு திரும்பும் மகனிடமோ கணவரிடமோ மகளிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள்: "உங்க ஷெட்டுல மெயின் ஸ்விட்ச் எங்கப்பா இருக்கு?" பதில் உடனே வந்தால் நிம்மதி. வரவில்லை என்றால், நாளை காலை வேலைக்குள் போனதும் அவர் செய்ய வேண்டிய முதல் காரியம் அதுதான்.