கிளையிலிருந்து ஒரு துண்டு

மாத்தளை மாவட்டத்து எல்கடுவ போன்ற மலைப்பகுதிகளில் தேயிலையே வாழ்வு. நல்ல செடியொன்றைப் பெருக்க, ஓர் இலையும் கணுவும் கொண்ட துண்டைத் தாய்ச் செடியிலிருந்து வெட்டி நாற்றுமேடையில் நடுவதுண்டு. தாயின் குணம் மாறாது. வேர் மட்டும் புதியது.

கணினி நிரல் எழுதுவோரிடமும் இத்தகைய முறை உண்டு. 2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ என்னும் கருவி, நிரலில் செய்யும் மாற்றங்களைத் தனித்தனிப் பதிவுகளாகக் காக்கிறது. பதிவுகளின் தொடர்ச்சியே கிளை. மக்கள் கையாளும் நிரல் ஒரு கிளையிலும், புதிய சோதனைகள் மற்றொன்றிலும் வளரும்.

சோதனைக் கிளையில் பெரும் பழுதொன்று நீக்கப்பட்டது என்று கொள்வோம். மக்கள் அத்திருத்தத்துக்குக் காத்திருக்கின்றனர். கிளை முழுவதையும் இணைத்தாலோ, முற்றுப்பெறாத வேலைகளும் உடன் வந்துவிடும். ஆகவே அந்த ஒரு பதிவை மட்டும் தெரிந்தெடுத்துப் படியெடுப்பர். இதற்குச் ‘செர்ரி-பிக்’ என்று பெயர்.

படியெடுக்கப்படுவது முழுக் கோப்பு அன்று; அப்பதிவு செய்த மாற்றமே. புதிய பதிவுக்கு முன்னோர் வேறாதலால், அதன் அடையாள எண்ணும் வேறாகும். அம்மாற்றம் முந்தைய வேறொரு பதிவைச் சார்ந்திருப்பின் முரண் தோன்றலாம். முரண் தோன்றாமலே நிரல் பிழைபடவும் கூடும். எனவே மீண்டும் சோதித்தல் இன்றியமையாதது.

லினக்ஸின் நிலைத்த வெளியீடுகளுக்கு, முதன்மைக் கிளை ஏற்ற திருத்தங்களையே எடுப்பது பொதுவிதி. மூலப் பதிவின் எண்ணையும் குறிப்பில் எழுதுவர். துண்டு எந்தத் தாய்ச் செடியினது என்று தெரிந்தால்தான், பின்னர் நோய் கண்டபோது காரணம் தேட இயலும்.