குழந்தையைச் சுமக்கும் பையும் நெம்புகோல் தத்துவமும்

ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை எடுத்து மார்போடு அணைத்துப் பிடியுங்கள். சிரமம் தெரியாது. இப்போது அதே பையை ஒரு சாண் தூரம் முன்னால் நீட்டிப் பிடியுங்கள். சற்று நேரத்திற்குள் கைகளும் முதுகும் நோகத் தொடங்கும். அரிசி கூடவில்லை, எடையும் மாறவில்லை. பின் எது மாறியது?

இக்கேள்விக்கு விடை தெரிந்துகொண்டால், கைக்குழந்தையைச் சுமப்பதற்காகக் கடைகளில் விற்கும் 'பேபி கேரியர்' பைகளிலும் 'ஸ்லிங்' துணிகளிலும் எது ஏற்றது, எது ஏற்றதன்று என்பதைப் பெரும்பாலும் நீங்களே கூறிவிடலாம்.

துணியால் குழந்தையை உடம்போடு கட்டிச் சுமப்பது மிகப் பழைய வழக்கம். ஆன் மூர் என்னும் அமெரிக்கச் செவிலியர் 1960-களில் மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் பணியாற்றினார். அங்குள்ள தாய்மார்கள் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வேலை செய்வதைக் கண்டார். நாடு திரும்பிய பின் அதே முறையில் பட்டைகள் வைத்த பை ஒன்றை உருவாக்கினார். 1969-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைய பைகள் பலவற்றுக்கும் அதுவே முன்னோடி.

இதனால் பயன் உண்டா? உண்டு. துணியின் உதவியின்றிக் கைகளில் குழந்தையை ஏந்தி நடப்பவருக்குச் சராசரியாக 16 சதவீதம் கூடுதல் ஆற்றல் செலவாகிறது என்று 2007-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. குழந்தைக்கும் நன்மை உண்டு. நாள்தோறும் கூடுதல் நேரம் சுமக்கப்பட்ட ஆறு வாரக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன என்று கனடாவின் மாண்ட்ரீல் நகர ஆய்வாளர்கள் 1986-ல் அறிவித்தனர்.

ஆனால் எல்லாப் பைகளும் ஒன்றல்ல. நான்கு சோதனைகளைக் காண்போம்.

முதல் சோதனை: நெருக்கம்

நம் முதுகெலும்பை நெம்புகோலின் தாங்கு புள்ளியாகக் கொள்ளுங்கள். முன்புறம் குழந்தையின் எடை. பின்புறம் அதைச் சமன் செய்யும் முதுகுத் தசைகளின் இழுவிசை. இத்தசைகள் தாங்கு புள்ளியிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில் செயல்படுகின்றன.

குழந்தையின் எடை 6 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் முதுகெலும்பிலிருந்து 20 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்போம். திருப்புத்திறன் 6 × 20 = 120. அதைச் சமன் செய்யத் தசைகள் 120 ÷ 5 = 24 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கவேண்டும். பை தளர்ந்து, குழந்தை இன்னும் 10 சென்டிமீட்டர் முன்னால் சரிந்தால் இதுவே 36 கிலோ ஆகிவிடும். அரிசிப் பையின் மர்மம் இதுதான். எனவே குழந்தையை உடம்போடு ஒட்டி, உயரமாக வைத்திருக்கும் பையே நல்லது.

இரண்டாம் சோதனை: அகலம்

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. 2 சென்டிமீட்டர் அகலப் பட்டை, தோள் ஒவ்வொன்றிலும் 10 சென்டிமீட்டர் நீளத்திற்குப் படிந்தால் மொத்தப் பரப்பு 40 சதுர சென்டிமீட்டர். 6 கிலோ எடைக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 150 கிராம் விழும். பட்டை 6 சென்டிமீட்டர் அகலமாக இருந்தால் 50 கிராம்தான். இடுப்பு வாரும் இருந்தால் எடையில் ஒரு பங்கு தோளை விட்டு இடுப்பெலும்புக்கு இறங்கிவிடும்.

மூன்றாம் சோதனை: கால்கள்

பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டுக் கிண்ணம் பெரும்பாலும் மென்மையான குருத்தெலும்பே. கால்களை நீட்டி நெருக்கிக் கட்டினால் தொடையெலும்பின் உருண்டைத் தலை கிண்ணத்திலிருந்து விலகக்கூடும். குழந்தைகளின் கால்களை நீட்டிச் சுற்றிக் கட்டவேண்டாம் என்று ஜப்பானில் 1975-ல் பிரசாரம் தொடங்கியபின், அங்கு இடுப்பு மூட்டு விலகல் பெருமளவு குறைந்தது.

ஆகவே பையின் இருக்கை குழந்தையின் ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரை தொடையைத் தாங்கவேண்டும். முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கவேண்டும். நம் தாய்மார்கள் குழந்தையை இடுப்பில் உட்காரவைக்கும்போது கால்கள் எப்படி விரிந்து கவ்வுகின்றன என்று பாருங்கள். ஏறத்தாழ அந்த நிலைதான்.

நான்காம் சோதனை: மூச்சு

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. என் மகள் இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, அவளை ஒரு ஸ்லிங்கில் இட்டு மொட்டை மாடியில் உலாவிக்கொண்டிருந்தேன். அழுகை ஓய்ந்தது என்று எனக்கு மகிழ்ச்சி. என் தாயார் வந்து துணியை விலக்கிப் பார்த்தார்கள். "மோவாய் நெஞ்சுல இடிக்குதே, முதல்ல தூக்குடா" என்றார்கள். தூக்கினேன், நல்லவேளை, ஒன்றும் நேரவில்லை. இயற்பியல் கற்பிக்கும் நான் அதுவரை என் முதுகுக்கு மட்டுமே கணக்குப் போட்டிருந்தேன்!

கைக்குழந்தையின் தலை உடலைப் பார்க்கப் பெரியது. கழுத்துத் தசைகளோ வலுவற்றவை. தலை முன்னால் கவிழ்ந்தால், மடித்த ரப்பர்க் குழாய்போல மூச்சுவழி குறுகும். குழாயில் சீராக ஓடும் பாய்மத்திற்கு ஏற்படும் தடை, ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது பாய்சொய் விதி. பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழல் விட்டம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். அத்தகைய குழாயின் ஆரம் 2 மில்லிமீட்டரிலிருந்து 1 ஆகச் சுருங்கினால் தடை இரு மடங்கன்று, 16 மடங்கு!

மூச்சு முட்டும் குழந்தையால் அழவும் இயலாது. 2010-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் ஸ்லிங் தொடர்பாகக் குறைந்தது 14 குழந்தைகள் இறந்திருந்தன. அவற்றுள் 12 நான்கு மாதம் நிறையாதவை.

எனவே குழந்தையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும். மூக்கும் வாயும் துணியிலோ உங்கள் மார்பிலோ புதையக்கூடாது. மோவாய்க்கும் நெஞ்சுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும். குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்காமல் பையைப் பயன்படுத்தாதீர்கள்.

இன்னும் சில

நம் ஊர் வெப்பத்திற்கு ஒற்றை மடிப்புப் பருத்தித் துணியே ஏற்றது. பையும் ஓர் ஆடை என்று எண்ணிக் குழந்தையின் உடையில் ஒன்றைக் குறையுங்கள். அடுப்பருகே வேலை செய்யும்போது குழந்தையைக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

பையில் கட்டியபடி ஸ்கூட்டரில் செல்வது பெருந்தவறு. 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி 0.1 விநாடியில் நின்றால், குழந்தையைத் தடுத்து நிறுத்த அதன் எடையைப்போல் ஏறத்தாழ 11 மடங்கு விசை தேவை. 6 கிலோ குழந்தைக்கு அது 60 கிலோவுக்கும் மேல். பையின் தையல் அதற்காகப் போடப்பட்டதன்று.

பையை வாங்கியதும் முதலில் அரிசிப் பையை அதில் இட்டு வீட்டிற்குள் நடந்து பாருங்கள். முதுகும் தோளும் தம் தீர்ப்பைச் சொல்லிவிடும். பிறகு குழந்தையை இடுங்கள். இட்டபின் அடிக்கடி குனிந்து முகத்தைப் பாருங்கள். அரிசிப் பைக்கு மூச்சுவிடும் வேலை இல்லை, குழந்தைக்கு உண்டு.