வீட்டுக்குள் அலை அடிக்க வேண்டும்!

பவழம் கால் இல்லாத பிராணி. பசித்தால் இரை தேடிப் போகாது. மூச்சு முட்டினால் இடம் மாறாது. இரையும் பிராணவாயுவும் அதைத் தேடி வரவேண்டும். கொண்டுவந்து கொடுப்பது கடல் அலை. கழிவை அடித்துக்கொண்டு போவதும் அதே அலைதான்.

1951-ல் மும்பை மெரீன் டிரைவில் தாராபூர்வாலா மீன் காட்சியகம் திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போன தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அங்கே கண்டதை வீட்டு ஹாலில் வைக்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு. குமாஸ்தா சம்பளத்தில் இது லேசான காரியம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆசைப்பட்டவர்கள் விளக்குக்கும் மீனுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, தண்ணீர் ஓட்டத்தில் கோட்டை விடுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2001 முதல் கல் பவழங்கள் வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ராமேஸ்வரம் போனவர் கடலிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தாலும் குற்றம்தான்.

ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், உயிருள்ள கடற்பாறைகளைத் தொட்டியில் வைத்து, காற்றுக் குமிழி கிளப்பும் ஓட்டத்திலேயே பவழம் வளர்த்ததை 1961-ல் எழுதினார். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வால்டர் ஆடே, வாளி நிறைந்ததும் தானாகக் கவிழ்ந்து அலையடிக்கும்படி ஏற்பாடு செய்தார். இன்று அந்த வேலையைத் தண்ணீருக்குள் சுழலும் சிறிய பம்ப் செய்கிறது.

எவ்வளவு ஓட்டம் வேண்டும்?

மென்பவழத்துக்கு மணிக்குத் தொட்டி அளவைப்போல் 10 முதல் 20 மடங்கு தண்ணீர் சுழன்றால் போதும். கிளை விடும் கல் பவழத்துக்கு 20 முதல் 40 மடங்கு வேண்டும். அதாவது 100 லிட்டர் தொட்டியில் 2,000 முதல் 4,000 லிட்டர் வரை. ஆனால் பம்பை நேராகப் பவழத்தின் மேல் திருப்பினால் அதன் சதை உரிந்துவிடும். எதிரெதிராக இரண்டு பம்ப் வைத்து மாற்றி மாற்றி ஓட்டுவது நல்லது. மீன் தீனியைச் சிறிது தூவிப் பார்த்தால் குறை தெரிந்துவிடும். எந்த மூலையில் தீனி தங்குகிறதோ, அங்கேதான் அழுக்கும் தங்கி அழுகும்.

கரண்ட் போனால்?

ஆபத்தே இங்குதான். தண்ணீரைச் சுத்தப்படுத்த, பெரிய தொட்டியின் கீழே இன்னொரு தொட்டி வைப்பது வழக்கம். கீழ்த் தொட்டித் தண்ணீரைப் பம்ப் குழாய் வழியே மேலே ஏற்றும். கரண்ட் நின்றதும் அதே குழாய் மேல் தொட்டித் தண்ணீரைக் கீழே உறிஞ்சி இறக்க ஆரம்பிக்கும். 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினால் 10 லிட்டருக்கு மேல். குழாயின் வாய் 4 அங்குல ஆழத்தில் இருந்தால் ஏறக்குறைய மூன்று குடம்! கீழ்த் தொட்டி வழியும். உப்புத் தண்ணீர் தரையில் ஓடும். நள்ளிரவில் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

இதற்குச் செலவில்லாத வழி உண்டு. மேல் தொட்டியில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை போட வேண்டும். தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் துளை வழியே காற்று புகுந்து உறிஞ்சலை அறுத்துவிடும். துளையில் பாசி அடைக்காமல் அடிக்கடி துடைக்க வேண்டும்.

மூச்சுக்கும் வழி செய்ய வேண்டும். ஓட்டம் நின்றால் பிராணவாயு குறையும். கோடையில் சூடான தண்ணீரில் அது இன்னும் குறைவு. நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் சில மணி நேரத்தில் சாவு விழலாம். பாட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்ப் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

தொட்டி வாங்கியதும் உயிர் எதுவும் விடாமல், வெறும் தண்ணீரை நிரப்பிப் பம்பை ஓடவிட்டு, பிறகு சுவிட்சை அணைத்துக் கால்மணி நேரம் பக்கத்திலேயே உட்கார வேண்டும். கீழ்த் தொட்டி வழிந்தால், அதில் தண்ணீரைக் குறைத்து மறுபடியும் அணைத்துப் பார்க்க வேண்டும்.