எப்பக்கம் திருப்பினாலும் இரண்டே விடை

வெற்றிடக் குழாயிலிருந்து எடுத்த கண்ணாடித் தகட்டில் ஒன்றுமே தெரியவில்லை. இயற்பியலாளர் ஓட்டோ ஷ்டெர்ன் அதைக் கையில் வாங்கி, முகத்துக்கு அருகே வைத்து உற்றுப் பார்க்க, மெல்ல மெல்லக் கறுப்புக் கோடு எழும்பி வந்ததாம். அவர் பிடித்தது மலிவான சுருட்டு. அதன் கந்தகம் மூச்சில் கலந்து, தகட்டில் படிந்திருந்த வெள்ளியைக் கறுக்க வைத்துவிட்டது. ஷ்டெர்னே பிற்காலத்தில் சொன்ன கதை இது.

ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் அவரும் வால்தர் கெர்லாக்கும் செய்த சோதனை எளியது. உலையில் வெள்ளியை ஆவியாக்கி, மெல்லிய பிளவு வழியே அணுக்களைக் கற்றையாக்கி, ஒரு முனை கூராக உள்ள காந்தத்தின் ஊடே அனுப்பினார்கள். அணுவின் கோண உந்தம் காந்தத்தின் திசையில் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவுக்கு அணு விலகும். அணுக்கள் சுழலும் பம்பரங்கள் போலக் கண்டபடி சாய்ந்து வந்தால் தகட்டில் ஒரே தீற்றலாகத்தானே படிய வேண்டும்? 1922 பிப்ரவரியில் கிடைத்தது அப்படியில்லை. உதடுகள் போல இரண்டாகப் பிரிந்த கோடு; இடைவெளி சுமார் 0.2 மில்லிமீட்டர். அது எலெக்ட்ரானின் தற்சுழற்சியின் வேலை என்பது அவர்களுக்கே அப்போது தெரியாது. அந்தக் கருத்தே 1925இல்தான் பிறந்தது.

வேடிக்கை இனிமேல்தான். மேலே விலகிய அணுக்களை மட்டும் பிடித்து, 60 பாகை சாய்த்து வைத்த இரண்டாவது காந்தத்துக்குள் விடுவோம். செங்குத்தாக நிற்கும் கம்பியின் நிழல் அந்தச் சாய்வில் பாதி நீளம்தான் விழும். ஆகவே விலகலும் பாதியாகும் என்று நினைப்போம். ஆகாது. ஒவ்வொரு அணுவும் முழுசாக அந்தப் பக்கம் அல்லது முழுசாக இந்தப் பக்கம். நடுவில் ஒன்றுகூட விழாது. நூற்றில் 75 மேலே, 25 கீழே என்ற கணக்கில் பிரியும். கூட்டிக் கழித்துச் சராசரி எடுத்தால் அதே பாதி! பழைய நிழல் தனி அணுவிடம் இல்லை, கூட்டத்திடம் இருக்கிறது.

காந்தத்தைத் திருப்புவதால் விடைகள் மாறுவதில்லை, அவை விழும் விகிதம்தான் மாறுகிறது. மேலே விழும் பங்கு, சாய்கோணத்தில் பாதியின் கோசைன், அதன் வர்க்கம். 90 பாகையில் சரிபாதி. 180இல் எல்லாமே கீழே.

இரண்டாம் காந்தத்தில் மேலே போன அந்த 75 பங்கை, முதல் காந்தத்தைப் போலவே நிமிர்ந்து நிற்கும் மூன்றாவது காந்தத்தில் விட்டுப் பாருங்கள். எல்லாம் ஏற்கெனவே ‘மேலே’ என்று பொறுக்கியெடுத்தவைதான். இருந்தும் அவற்றில் கால்வாசி கீழே விழுகின்றன.